192 மீட்டர் ஆழத்தில் நம்ம ஊர் ரீடிங்

வட துருவத்திலிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி, ஸ்வால்பார்ட் தீவுகளில் கோங்ஸ்ஃபியார்டன் என்று ஒரு கடற்குடா இருக்கிறது. மலைக்கு நடுவே நீண்டு உள்ளே போகிற குடா. அதன் அடியில், 192 மீட்டர் ஆழத்தில், நங்கூரம் கட்டி நிறுத்திய ஒரு கருவித் தொடரை 2014 ஜூலையில் இந்தியா இறக்கியது. பெயர் இண்ட்ஆர்க். அதை உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? நம்ம பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்காரர்கள்! வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகிற சாலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்து போவோமே, அதே இடம்தான். கோவாவில் இருக்கும் துருவ ஆய்வு மையத்தோடும் ஹைதராபாத் கடல் தகவல் மையத்தோடும் சேர்ந்து செய்த வேலை. ஆனால் கருவி நம்ம சென்னைக் கைவேலை.

இதை நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். டீக்கடையில் சொன்னேன், மச்சான் கல்யாணத்தில் பந்தியில் சொன்னேன், பொன்னேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் நேரம் கொடுங்கள், இது அவ்வளவு அருமையான விஷயம்.

நான் கவரைப்பேட்டைக்காரன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை. இரும்பைச் சூடாக்கும் ஃபர்னஸ் 1,200 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால்தான் இண்ட்ஆர்க்கைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சென்சார் என்பது குழந்தை மாதிரி, விட்டுவிட்டுப் போக முடியாது. நாளாக ஆக ரீடிங் மெல்ல நகரும். நாங்கள் அதை ட்ரிஃப்ட் என்போம். ஒயர் அரிக்கும், கனெக்டரில் ஈரம் ஏறும். எங்களுக்கு ஸ்டோரில் ஸ்பேர் இருக்கிறது, ராத்திரி மூன்று மணிக்கும் போய் மாற்றிவிடலாம். அங்கே? தண்ணீர் கிட்டத்தட்ட உறைநிலை. மேலே மிதந்து போகிற பனிப்பாளம் அடித்தால் எல்லாம் போச்சு, அதனால் முழுத் தொடரும் நீர்மட்டத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாது. பேட்டரியும் தன் நினைவகமும்தான் துணை. உப்பு, வெப்பம், நீரோட்டம், கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், பாசியின் பச்சையம், ஒளி என்று வெவ்வேறு ஆழத்தில் வெவ்வேறு சென்சார், ஒரு வருஷம் முழுக்க, தனியாக.

எடுக்கிற விதம் இன்னும் அழகு. கப்பல் வந்து தண்ணீருக்குள் ஒரு ஒலிக் குறியை அனுப்பும். அடியில் இருக்கும் கொக்கி அதைக் கேட்டு வாயைத் திறக்கும். பாரம் அடியிலேயே தங்கிவிடும், மிதவைகள் மொத்தத் தொடரையும் மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடும். உள்ளே சேர்ந்திருக்கும் டேட்டாவை இறக்கிக்கொண்டு, சென்சார்களைத் துடைத்து, காலிபரேஷன் பார்த்து, பேட்டரி மாற்றி, மறுபடி தண்ணீருக்குள். 2015-லேயே இரண்டாவது முறை இறக்கிவிட்டார்கள். அந்தக் கொக்கி திறக்கும் விநாடியில் கப்பல் தளத்தில் நிற்பவர்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! வருஷம் முழுக்க ஷட்டவுன் இல்லாமல் ஓடிய பிளான்ட்டின் லாக் புக் மேலே வருகிறது, ஐயா!

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், காரணம் இருட்டு. குடாவின் கரையில் இருக்கும் நி-ஓலெசுண்டில் அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். ஒரு காலத்தில் அது நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-ல் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தபின் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன, நம்முடைய ஹிமாத்ரியும் 2008 ஜூலை 1 முதல் அங்கேதான். கோடையில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து படகில் போய் அளப்பார்கள். குளிர்காலத்தில் நீருக்கடியில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆள் குறைவு. ஆனால் குடாவின் வருஷக் கதையே குளிர்காலத்தில்தான் முடிவாகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் சூடான, உப்பு கூடிய நீர் உள்ளே நுழைந்ததா, எந்த ஆழத்தில், எத்தனை நாள் தங்கியது, அதனால் மேலே பனி உறைந்ததா இல்லையா, எல்லாமே அங்கே ஆள் குறைந்த நேரத்தில். கருவிதான் முக்கிய சாட்சி.

அந்தக் குடா இப்படி மாறிக்கொண்டும் இருக்கிறது. 2006 குளிர்காலத்தில் அட்லாண்டிக் நீர் பெருமளவில் உள்ளே ஏறியது. அதற்குப்பின் குளிர்காலக் கடல்பனி பழையபடி திடமாக உறைவது அபூர்வமாகிவிட்டது. உடனே சாப்பாட்டுச் சங்கிலி ஆடுகிறது. கலானஸ் என்று அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு கடல்பூச்சி. ஆர்க்டிக்கில் வாழும் இனம் பெரிது, உடம்பில் கொழுப்பு அதிகம். அட்லாண்டிக் நீரோடு வரும் இனம் சிறிது, கொழுப்பு குறைவு. சின்ன ஆக் என்ற பறவை தன் குஞ்சுக்கு அந்தக் கொழுத்த பூச்சியைத்தான் தேடித் தேடிப் பொறுக்கும். மெலிந்த இனம் மட்டும் இருந்தால், அதே வயிறு நிறைய இன்னும் அதிகம் பிடிக்க வேண்டும், இன்னும் தூரம் பறக்க வேண்டும். தண்ணீரின் சூடு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி மாறியதற்கு மலையிடுக்கில் உட்கார்ந்திருக்கும் குஞ்சு விலை கொடுக்கிறது. என் வேலையில் ஒரு டிகிரி யாருக்கும் கணக்கே இல்லை. அங்கே அது ஒரு வாழ்க்கை.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளிக்கரணைக்காரர்கள் அந்தக் குடாவில் நீருக்கடியில் ஒலிவாங்கியும் வைத்தார்கள். பனியாறு உடைந்து கடலில் விழுவது ஒரு சத்தம். அதைவிட ஆச்சரியம், உருகும் பனி போடும் சத்தம். பனியாற்றுக் கட்டிக்குள் அமுக்கத்தோடு சிக்கியிருக்கும் பழங்காலக் காற்று, கட்டி உருக உருக பட் பட்டென்று வெடித்து வெளியே வரும். அதனால் பனியாறு கலக்கும் குடாக்கள் கடலிலேயே அதிக இரைச்சலான இடங்களில் சேர்த்தி. துருவக் கடல் என்றால் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம்! கேட்டே பனி உருகும் வேகத்தைச் சொல்லிவிட முடியுமா என்று விஞ்ஞானிகள் முயல்கிறார்கள்.

சரி, ஒரு வருஷ ரீடிங் போதுமா? போதாது. இதில்தான் என் உயிர் இருக்கிறது. வருஷக்கணக்கில் விடாமல் அளக்கிற இந்தத் தவத்தின் பெரிய ஆசிரியர்கள் பூமியின் மறுமுனையில் இருக்கிறார்கள். அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் ஆன்வர்ஸ் தீவில் அமெரிக்கர்களின் பால்மர் நிலையம். 1990-லிருந்து அதே கடலை, அதே இடங்களை, அதே முறையில் அளந்துகொண்டே இருக்கிறார்கள். ஜனவரி வந்தால் கப்பல் கிளம்பும், குறித்த புள்ளிகளில் நிற்கும், தண்ணீர் எடுக்கும், வலை இழுக்கும். அடுத்த ஜனவரியும் அதே. ஆட்கள் மாறினார்கள், கப்பல் மாறியது, புள்ளிகள் மாறவில்லை. எனக்கு இதைவிட வீரமான செயல் தோன்றவில்லை.

கிரில்லை எடுத்துக்கொள்ளுங்கள். இறால் மாதிரி இருக்கும், அதிகபட்சம் ஆறு சென்டிமீட்டர். திமிங்கிலம், சீல், பென்குயின் எல்லாம் அதைத்தான் நம்பி இருக்கின்றன. கிரில் குஞ்சு முதல் குளிர்காலத்தைத் தாண்டக் கடல்பனி வேண்டும். பனியின் அடிப்பக்கத்தில் பாசி படியும், குஞ்சுகள் தலைகீழாக அதை மேயும். பால்மர்காரர்கள் கண்டது என்னவென்றால், கிரில் எல்லா வருஷமும் ஒரே மாதிரி பெருகுவதில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய ஈத்து, நடுவில் மந்தம். இரண்டு வருஷம் மட்டும் வந்து பார்த்தவர் 'அழிந்தே போச்சு' என்றோ 'பெருகி வழிகிறது' என்றோ எழுதிவிட்டுப் போயிருப்பார், இரண்டும் தவறு. பத்து வருஷம் இருந்தவருக்குத்தான் அது ஒரு சுழற்சி என்றே தெரியும். இருபது, முப்பது வருஷம் இருந்தவருக்குத்தான் அந்தச் சுழற்சியே நகர்கிறதா என்று கேட்கத் தெரியும். ஒரு ஷிப்டின் ரீடிங்கை வைத்து ஃபர்னஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற ஆளை நாங்கள் பக்கத்திலேயே சேர்க்கமாட்டோம்!

அடேலி பென்குயின் கதை இன்னும் நெஞ்சைப் பிடிக்கும். 1970களின் நடுவில் பால்மரைச் சுற்றிய தீவுகளில் சுமார் 15,000 ஜோடி இருந்தன. அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டன. அங்கே கடல்பனி இருக்கும் பருவமும் 1970களின் கடைசியிலிருந்து சுமார் மூன்று மாதம் குறுகிவிட்டது. சாப்பாடு குறைந்தது ஒரு பக்கம். ஆனால் பில் ஃபிரேசர் என்கிற பறவை ஆய்வாளர் வருஷக்கணக்கில் ஒவ்வொரு கூட்டமாக நடந்து நடந்து எண்ணியபோது ஒன்றைக் கவனித்தார். ஒரே தீவில், ஒரே கடலில் இரை தேடும் கூட்டங்களுக்குள்ளேயே தென்மேற்குச் சரிவில் இருப்பவை மட்டும் வேகமாக அழிகின்றன. ஏன்? கடல்பனி குறைந்தால் திறந்த நீர் அதிகம், திறந்த நீர் அதிகமானால் காற்றில் ஈரம் அதிகம், ஈரம் அதிகமானால் பனிப்பொழிவு அதிகம். புயல் வடகிழக்கிலிருந்து அடிக்கும், பனி தென்மேற்குச் சரிவில் குவியும். அடேலி தான் பிறந்த இடத்துக்கே, தன் தேதிக்கே வந்து கூடு கட்டும், விட்டுக்கொடுக்காது. பனி உருகி ஓடும்போது முட்டை தண்ணீரில் நனைந்து அழுகிப்போகும். லிட்ச்ஃபீல்ட் தீவில் 2007 வாக்கில் ஒரு அடேலிகூட மிஞ்சவில்லை. சில வாரம் தள்ளி முட்டையிடும், தேதியில் நெளிவுசுளிவு உள்ள ஜென்டூ பென்குயின்கள் 1990களில் வந்து குடியேறி இன்று பெருகி நிற்கின்றன. எந்தச் சரிவில் எத்தனை கூடு என்று அலுக்காமல் குறித்துவைத்த நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் இந்த உண்மை வெளியே வந்தே இருக்காது. இந்தப் பகுதியைப் படித்த அன்று நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நம்மவர்களும் தெற்கே சும்மா இல்லை. 1981-ல் அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பிய முதல் பயணத்துக்குப்பின் மைத்ரி ஆய்வு நிலையம் வந்தது, 2012-ல் பாரதி நிலையம் வந்தது. பள்ளிக்கரணையில் உருவான, ஆளில்லாமல் நீருக்குள் போய்ப் படம் பிடிக்கும் வாகனம் ஒன்றை 2015-ல் மைத்ரிக்குப் பக்கத்திலுள்ள பிரியதர்ஷினி ஏரியில் இறக்கிப் பார்த்தார்கள். சென்னைக் கைகள் இரண்டு துருவத்தையும் தொட்டாயிற்று!

நம்ம மழைக்கும் துருவக் கடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. காரா கடலில் கோடைப் பனி குறைவான ஆண்டுகளில், மத்திய இந்தியாவில் செப்டம்பர் மாதக் கனமழை கூடுவதற்கான தொடர்பைக் கோவா மைய ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்டார்கள். பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வேன். ஆனால் மனசாரச் சொல்கிறேன், இந்தத் தொடர்பே இல்லாவிட்டாலும் எனக்கு அந்த ரீடிங் வேண்டும்.

பழவேற்காட்டுக்கு லீவு நாளில் போய் ஏரியின் முகத்துவாரத்தைப் பார்ப்பேன். மணல் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா, உப்பு ஏறியிருக்கிறதா, இறால் எப்படி என்று மீனவப் பெரியவர்கள் வாயிலேயே நாற்பது வருஷம் இருக்கிறது. பால்மரில் செய்வதுபோல அதை வருஷம் தவறாமல் ஒரே புள்ளியில் அளந்து வைத்தால் எப்படிப்பட்ட பொக்கிஷமாக இருக்கும்! என் ஆசை அது.

துருவப் பனியைக் கவனிக்கக் காசு வேண்டாம், கப்பல் வேண்டாம். அமெரிக்கப் பனித் தரவு மையம் செயற்கைக்கோள் அளக்கும் கடல்பனிப் பரப்பைத் தினமும் வெளியிடுகிறது, போனிலேயே பார்க்கலாம். வரைபடத்தின் கோடு 1979-லிருந்து ஓடுகிறது. ஆர்க்டிக்கில் 2012 செப்டம்பரில் பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராக இறங்கியதை அதில் விரலால் தொட்டுக் காட்டலாம். அண்டார்க்டிகாவைச் சுற்றி குளிர்காலத்தில் இந்தியாவைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகமான பரப்பில் கடல் உறைகிறது. 2023 பிப்ரவரியில், அங்கே கோடைக்காலத்தில், அது 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. அதற்கு முந்தைய 2022-ல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனி முன்கூட்டியே உடைந்து, ஐந்து பேரரசப் பென்குயின் கூட்டங்களில் நான்கில் குஞ்சுகள் பிழைக்கவில்லை. செய்தியாகப் படித்தால் மறந்துபோகும். தினமும் கோட்டைப் பார்க்கிறவனுக்கு அது வீட்டுச் செய்தி.

இப்போது எங்கள் ஷிப்டில் இன்னும் சிலருக்கு இது தொற்றிக்கொண்டது. ஆகஸ்ட் கடைசியானால் கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போது கிரேன் ஓட்டுகிற தம்பி தானாகவே போனை நீட்டுகிறான். "அண்ணே, இன்னிக்கு கோடு போன வருஷத்துக்குக் கீழ வந்துடுச்சு, பாத்தியா?" நான் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பேன். ஆனாலும் வாங்கிப் பார்க்கிறேன். செப்டம்பர் அடிமட்டம் எந்தத் தேதியில் வரும் என்று ஆளுக்கொரு தேதி சொல்லி, என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.