வீடற்றவன், நாடற்றவர்: இரண்டு தலைப்புகள்

ஹட்டனில் ஓர் இலக்கியக் கூட்டம். மலையக எழுத்தைப் பற்றிய பேச்சின் நடுவே ஓர் இளைஞர் எழுந்து, "அடிமைமுறை, இனப்படுகொலைன்னு பேருதான் வேற சேர், ரெண்டும் ஒன்னுதானே" என்றார். கைதட்டல் எழுந்தது. எனக்குத் தட்டவும் மனம் வரவில்லை, உடனே மறுக்கவும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து சி.வி. வேலுப்பிள்ளையை மறுபடி எடுத்தேன்.

அவருடைய இரண்டு நூல்களின் தலைப்புகளே பதில் சொல்லிவிடுகின்றன: 'வீடற்றவன்', 'நாடற்றவர் கதை'.

அடிமைமுறைக்கு மனிதன் உயிரோடு வேண்டும், உழைப்பதற்கு. இனப்படுகொலைக்கு ஒரு மக்கள் கூட்டமே இல்லாமற்போக வேண்டும். 1833ஆம் ஆண்டின் பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. இங்கே 1844இல்தான் அடிமைமுறை ஒழிந்தது. அந்தக் காலத்திலேயே கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சங்கிலி இல்லை, கடன் இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' கையில் வரும். அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் அவர் இடம் மாறலாம். 1921இல்தான் இந்த முறை தடைசெய்யப்பட்டது. லயன் காம்பராவும் வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போச்சு. 'வீடற்றவன்' என்ற தலைப்பின் கனம் அதுதான்.

ஸகாத் பெறத் தகுதியானோரைச் சொல்லும் இறைவசனம் (9:60) அடிமைகளின் விடுதலையையும் கடன்பட்டோரையும் அடுத்தடுத்து, ஆனால் தனித்தனியாகச் சொல்கிறது. அந்த நிதானம் நமது விமர்சனத்துக்கும் வேண்டும்.

மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுப்பாதையில் கொலராவுக்குப் பலர் பலியானார்கள். அங்கே இருந்தது சாகடிக்கணும் என்ற திட்டமல்ல. செத்தாலும் பரவாயில்லை, வேறு ஆள் வரும் என்ற கணக்கு. அது கொடுமைதான், ஆனால் வேறு கொடுமை.

அடுத்த தலைப்புக்கு வருவோம். 1947 தேர்தலில் சி.வி. தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். 1948 நவம்பர் 15இல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே டிசம்பர் 9இல் ஐக்கிய நாடுகள் சபை இனப்படுகொலைக்கு எதிரான சமவாயத்தை நிறைவேற்றியது. மறுநாள் வந்த மனித உரிமைப் பிரகடனம், குடியுரிமை எல்லோருக்கும் உண்டு என்றது. உலகம் அதை எழுதியபோது இங்கே பறித்து முடித்தாயிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. கொழுந்து பறிக்க ஆள் வேண்டும், வாக்குப் போட ஆள் வேண்டாம்! இது கொலையல்ல. ஆனால் ஒரு சமூகம் சமூகமாக இருப்பதே இடைஞ்சல் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது.

சி.வி.யின் பலம், பெரிய சொல்லைத் தேடாமல் எது பறிபோனதோ அதன் பெயரையே தலைப்பாக்கியது. இரண்டும் 'அற்ற' என்று இழப்பையே பேசுகின்றன, மக்களின் போராட்டம் தலைப்பில் ஏறவில்லை என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கொட்டும் இன்றைய கவிதைகளைவிட அவை உண்மையானவை.

நமக்கும் இது தெரிந்த பாடம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதற்கு என்ன பெயர் என்ற வாதம் நீண்டது. பெயர் சரியாக இருந்தால்தான் எதைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்க முடியும்: அடிமைக்கு விடுதலை, கடனாளிக்குக் கடன் நீக்கம், விரட்டப்பட்டவருக்கு ஊர், நாடற்றவருக்குக் குடியுரிமை.

ரெண்டும் ஒன்னில்ல, தம்பி. 2003இன் சட்டத்தோடு நாடு கிடைத்தது. காணி உறுதி இல்லாமல் இன்னும் லயத்தில் இருப்பவர்களுக்கு 'வீடற்றவன்' பழைய தலைப்பல்ல.