காவல் பணிக்கு மட்டுமா படைவீரர்?

இந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். பெரும்பாலோர் 35 முதல் 40 வயதுக்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் வீட்டுக்கடன் பாதியிலும் இருக்கும் வயது அது. பென்ஷன் பணத்தில் அடுப்பு எரியும். கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னொரு சம்பளம் வேண்டும். அந்த இரண்டாவது வேலைக்கு அரசு செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன?

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். டி.ஜி.ஆர். என்று படையினர் குறிப்பிடும் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம், ஓய்வுக்கு முன்பே தொழிற்பயிற்சிக்கு அனுப்புகிறது. சிப்பாய் நிலையில் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீத இடங்கள் முன்னாள் படைவீரர்களுக்கு. பொதுத்துறை வங்கிகளின் அதே நிலைப் பணிகளில், போரில் ஊனமுற்றவர்களுக்கும் உயிர்நீத்தவர்களின் குடும்பத்தாருக்கும் உரிய பங்கையும் சேர்த்து 14.5 சதவீதம். பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு பணி முடித்தவர், பட்டம் கேட்கும் குரூப் சி பணிகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் விதி இருக்கிறது. எல்லையில் கழிந்த காலத்தையும் கல்வியாகக் கணக்கில் எடுக்கும் இந்த விதியே இருப்பவற்றில் அறிவார்ந்தது.

ஆனால் விதி திறந்த கதவைத் தேர்வு சாத்திவிடுகிறது. வங்கி எழுத்தர் தேர்வில் நிமிடத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் முடிக்க வேண்டும். கோச்சிங் சென்டரில் தேறிவந்த 22 வயதுப் பட்டதாரி எழுதும் அதே வினாத்தாளைத்தான், கணக்குப் புத்தகத்தை மூடி 18 ஆண்டுகளான ஹவில்தாரும் எழுதுகிறார். ஒதுக்கிய இடங்களில் பெரும்பகுதி நிரம்பாமலே கிடப்பதை நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதில்களே காட்டுகின்றன.

தேர்வில் தேறாதவருக்கு எஞ்சுவது செக்யூரிட்டி வேலை. தமிழ்நாட்டில் 1986-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ ஏராளமானவர்களுக்கு இந்த வழியில் சோறு போட்டிருக்கிறது; அதைக் குறைத்துப் பேச முடியாது. சிக்கல், எல்லாரையும் அந்த ஒரே வாசலுக்கு அனுப்புவதில்தான். யூனிட் ஸ்டோரில் இருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். வண்டி உதிரிபாகங்களைப் பார்ட் நம்பர் வாரியாகப் பதிந்து, இருப்பைச் சரிபார்த்து, ஆண்டுத் தணிக்கையில் ஒரு போல்ட்டுக்கும் பதில் சொன்னவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிடங்குகள் தேடுவது இந்த ஆளைத்தான். அவர் வேலை கேட்டுப் போகும் இடத்திலோ முதல் கேள்வி, “கன் லைசென்ஸ் இருக்கா?” அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைத் தொழில் மொழியில் படிக்கத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

பயிற்சி வரும் நேரமும் தவறு. பணியின் கடைசிக் கட்டத்தில் சில மாத வகுப்பு நடத்திக் கையில் தாளைக் கொடுத்தால், அனுபவமில்லாத அந்தத் தாளை முதலாளிகள் மதிப்பதில்லை. படையின் முதல் வேலை போருக்கு ஆயத்தமாக இருப்பது, படிப்பு அதைக் கெடுக்கும் என்பது அதிகாரிகள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஃபீல்டு எனும் எல்லைப் பணிக்குப் பிறகு, பீஸ் ஸ்டேஷன் எனும் அமைதிப் பகுதிப் பணியும் வருகிறதே. அந்த ஆண்டுகளில், செய்துகொண்டிருக்கும் வேலைக்கே ஐ.டி.ஐ. போன்ற வெளிச்சான்று வாங்க வைத்தால், கடைசி ஆண்டில் புதுத் தொழில் கற்க வேண்டியதில்லை. மெக்கானிக் மெக்கானிக்காகவே வெளியே வருவார்.

இத்தனை நாள் இந்தக் குறைகளையெல்லாம் பென்ஷன் மறைத்துவந்தது. 2022-இல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டம் அந்தத் திரையை விலக்கிவிட்டது. அதில் சேர்பவர்களில் நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரமாகலாம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் வெளியேற வேண்டும். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. துணை ராணுவப் படைகளில் அறிவித்திருக்கும் ஒதுக்கீடு உதவலாம். அதுவும் மறுபடி ஒரு சீருடைதான்.

ஒதுக்கீட்டுச் சதவீதத்தைக் கூட்டுவதால் இது தீராது. எழுத்துத் தேர்வுக்குப் பதில் கைத்திறன் தேர்வு வைக்கக்கூடிய பணிகளைப் பிரித்தெடுப்பதும், பணிக்காலத்தின் நடுவிலேயே சான்று தருவதும்தான் முதலில் செய்ய வேண்டியவை. இரண்டுக்கும் புதிய சட்டத்தைவிட, படையும் வேலை தரும் துறைகளும் ஒரே மேசையில் உட்காருவதுதான் தேவை.