கத்தி வைக்காத ஈறு வைத்தியம்

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயத்திலேயே வருடக்கணக்கில் ஈறில் ரத்தத்தோடு காலம் தள்ளுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். பல்லை ஆட்டுவது ஈறு நோய்தான். வேரைத் தாங்கும் எலும்பு கரைந்துபோக, படிந்த காரை பக்கத்துப் பற்களோடு சேர்த்து அந்தப் பல்லை இறுக்கிப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளம் 3 மி.மீ. வரை இருப்பது இயல்பு. நோயில் அது ஆழமாகும். மரத்துப்போக ஊசி போட்டு, க்யூரெட் என்ற கைக்கருவியாலோ அல்ட்ராசானிக் கருவியாலோ உள்ளே வேர்மீது படிந்ததைச் சுரண்டி எடுப்பதே அறுவையில்லாச் சிகிச்சை. ஒற்றை வேர்ப் பற்களில் மிக ஆழமான பள்ளங்கள்கூட இதனால் சுருங்குவதை 1980களிலேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். செலவும் வலியும் குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதங்களில், சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி சுமார் 0.4 சதவீதப் புள்ளி இறங்குவதாக 2022ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. முதல் சிகிச்சை இதுவாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கைத்தடவலை நம்பிச் செய்யும் வேலை. பள்ளம் ஆழமாக ஆக, காரை தங்கிவிடும் வாய்ப்பும் கூடுகிறது. கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரியும் கவட்டை இன்னும் கஷ்டம். அதன் வாசல் பல பற்களில் க்யூரெட்டின் நுனியைவிடக் குறுகலானது. எவ்வளவு தேர்ந்த கையானாலும் அங்கே க்யூரெட் உள்ளே போகாது. வீக்கம் வடிந்தால் ஈறு கீழிறங்கும், பல் நீளமாகத் தெரியும், கொஞ்ச நாள் கூசும். பரவலாகக் கரைந்த எலும்பும் திரும்ப வளராது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது, இந்தச் சிகிச்சை ஒரே நாளில் முடியும் ‘க்ளீனிங்’காகச் சுருங்கிவிட்டதுதான். ஒவ்வொரு பல்லையும் சுற்றிப் பள்ளத்தை அளந்து எழுதி வைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால்தான் பலித்ததா என்று தெரியும். பல இடங்களில் முதல் அளவே எடுப்பதில்லை. அளவு இல்லாத இடத்தில் லேசரும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் எளிதாக நுழைகின்றன. ஐரோப்பிய ஈறுநோய்க் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி, சுரண்டலோடு லேசரைச் சேர்க்கவோ ஆன்டிபயாடிக்கை வழக்கமாகக் கொடுக்கவோ பரிந்துரைக்கவில்லை. நோயாளியின் பங்கும் சிறிதல்ல. புகைப்பவருக்குப் பலன் குறையும். பல்லிடுக்கைத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் சில வாரங்களிலேயே உள்ளே கிருமிகள் மறுபடி குடியேறிவிடும்.

மறு அளவில் 4, 5 மி.மீ. நிற்கும் இடங்களை மீண்டும் சுரண்டலாம். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் நின்றால், அதே வழிகாட்டி சொல்வதுபோல் ஈறைத் திறந்து பார்ப்பதே சரி. கத்திக்குப் பயந்து அங்கேயும் ஸ்கேலிங்கையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால், அந்த மாதங்களில் கரைவது எலும்பு.