தோளுக்கு ஒரு வார்

சிவகாசி காலண்டருக்கும், கேமராவோடு வரும் கழுத்து வாருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டிலும் கடைக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வித்தியாசம், காலண்டரை ஓசியில் தருகிறார்கள். கேமராவுக்கோ ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று எண்ணி வைக்கிறோம். அதற்கு மேல் கம்பெனி பெயரை மஞ்சளிலோ சிவப்பிலோ எழுதி நம் கழுத்திலேயே மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். நான் படித்தது பி.காம். விளம்பரச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் கழுத்தில் எழுதலாம் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

பெயரைக்கூட மன்னித்துவிடலாம். கறுப்பு டேப் ஒட்டினால் மறைந்துவிடும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரஸ்ஸோன் தன் லைகா கேமராவின் பளபளக்கிற பாகங்களையே கறுப்பு டேப் போட்டு மறைத்தவர்தான். ஆனால் வாருக்கு என்று ஒரு வேலை இருக்கிறதே, அதையாவது இந்த ஓசி வார் ஒழுங்காகச் செய்கிறதா?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கேனான் 5டி மார்க் 3 கேமரா, பாட்டரியோடு 950 கிராம். கல்யாண போட்டோகிராபர்களும் பத்திரிகைக்காரர்களும் விரும்பி மாட்டும் 70-200 எம்.எம். 2.8 லென்ஸ், அதன் இரண்டாம் பதிப்பு, 1,490 கிராம். கூட்டினால் 2,440 கிராம். ரெண்டரை கிலோ வெங்காயத்தைப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காலை முகூர்த்தத்திலிருந்து மத்தியானப் பந்தி வரை நிற்கச் சொன்னால் நிற்பீர்களா? கழுத்து ஏற்கெனவே நாலைந்து கிலோ தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் முன்பக்கம் இன்னொரு பாரத்தைத் தொங்கவிட்டால், அதைச் சமாளிக்க பிடரித் தசை நாள் பூராவும் பின்னால் இழுத்துப் பிடித்தாக வேண்டும். இருபது வருஷம் தொழில் பார்த்த போட்டோகிராபர் யாரையாவது கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். உடம்போடு சேர்ந்து திரும்புவார்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் தோளில் குறுக்கே போடும் ஸ்லிங் வார். இடது தோளில் பட்டை, வலது இடுப்பில் கேமரா. 2000-களின் கடைசியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து பிளாக்ராபிட் கம்பெனி இதைப் பிரபலமாக்கியது. என்னவோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசினார்கள். நம்ம ஊர் பஸ் கண்டக்டர்கள் அதற்குப் பல வருஷம் முன்பே தோல் பையைக் குறுக்கே மாட்டி, சில்லறையும் டிக்கெட்டுமாக நெரிசலில் நீந்திக்கொண்டிருந்தார்கள். கண்டக்டருக்குத் தெரிந்த சூட்சுமம்தான்: பாரம் கழுத்துக்குப் போகக்கூடாது. தோளுக்கும் முதுகுக்கும் பிரிந்து போகணும். ரெண்டு கையும் சும்மா இருக்கணும்.

சும்மா குறுக்கே மாட்டிவிட்டால் மட்டும் அது ஸ்லிங் ஆகிவிடாது. நல்ல ஸ்லிங்கில் பட்டை தோளிலேயே நிற்கும், கேமரா மட்டும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு கண்ணுக்கு வரும். மட்டமானதில் கேமராவைத் தூக்கும்போது பட்டையும் சேர்ந்து ஏறி, சட்டைக் காலரையும் இழுத்துக்கொண்டு வந்து கழுத்தை அறுக்கும். கடையில் பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். உங்கள் கேமராவையே மாட்டி, இடுப்பிலிருந்து கண்ணுக்குப் பத்து தடவை கொண்டுபோங்கள். காலர் நகர்ந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். நீளம், கையைத் தொங்கவிட்டால் கேமராவின் பிடி உள்ளங்கையில் வந்து உட்காருகிற அளவு. அதற்குக் கீழே இறங்கினால் நடக்கும்போது தொடையில் இடிக்கும்.

கடைக்காரர் உங்களைக் கவிழ்ப்பது மெத்தையில். நியோப்ரீன் என்று ஒரு ரப்பர் நுரை. அமுக்கினால் 'அட!' என்று இருக்கும். கேமரா பாதி எடை குறைந்த மாதிரியே தோன்றும். எடை எங்கேயும் போகவில்லை, பட்டை இழுபட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். நடக்க ஆரம்பித்தால் கேமரா ஸ்பிரிங் மாதிரி குதிக்கும். அதோடு இது குளிர் தேசத்து ஆசாமிகளுக்குத் தோதான சரக்கு. விருதுநகர் மாவட்டத்து சித்திரை வெயிலில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு நடந்தால், கழற்றும்போது தோளில் வாரின் அளவுக்கு ஒரு ஈரப் பட்டை இருக்கும். காய்ந்ததும் உப்பு பூத்துவிடும். கந்தகப் பூமியில் காற்று புகாத வாரைப் போடுவது தோளுக்குச் செய்கிற துரோகம். மெத்தை கனமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அகலம் இருக்கட்டும், ஒன்றரை முதல் ரெண்டு அங்குலம். வியர்வையை உறிஞ்சினால் போதும்.

பெண் போட்டோகிராபர்களைப் பற்றி இந்தக் கம்பெனிகள் ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்களின் அகலத் தோளுக்கு வெட்டிய பட்டையைக் குறுக்கே போட்டால் அவர்களுக்கு அது மார்பில் உறுத்தும், கழுத்துப் பக்கம் ஏறும். வளைந்த வடிவில் தனியாகச் செய்ய ஆரம்பித்தது பிறகுதான்.

பெரும்பாலான ஸ்லிங்குகள் கேமராவின் அடியில், ஸ்டாண்டு மாட்டுகிற கால் அங்குல மரைத் துளையில் ஒரு ஸ்க்ரூவைத் திருகித் தொங்குகின்றன. ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கு ஒற்றைத் திருகில்! நடக்க நடக்க அது இளகும். ரப்பர் வாஷர் இல்லாத ஸ்க்ரூவை வாங்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பைக் சாவியைத் தொடுகிற மாதிரி அந்த ஸ்க்ரூவையும் ஒரு திருகு திருகிப் பாருங்கள். கேமராவின் காதிலிருந்து வாருக்கு ஒரு சின்னக் கயிறும் கட்டிவிட்டால் ராத்திரி தூக்கம் வரும். பெரிய லென்ஸ் போட்டிருந்தால் கேமராவை விட்டுவிட்டு லென்ஸின் வளையத்தில் மாட்டணும். இல்லாவிட்டால் ஒன்றரைக் கிலோவும் இரண்டையும் இணைக்கிற வாயில்தான் தொங்கும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. சிவகாசிக்கு என்று தனியாக ஒரு சங்கதி இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் வருஷா வருஷம் வெளியூர் கேமராக்கள் இந்த ஊருக்குப் படையெடுக்கும். தப்பில்லை. சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' போன்ற ஆவணப் படங்கள் வராமல் இருந்திருந்தால், தீப்பெட்டி ஒட்டிய பிஞ்சு விரல்களை வெளியுலகம் இன்னும் தாமதமாகத்தான் பார்த்திருக்கும். கேமரா வரணும். ஆனால் எதை மாட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். நைலான் பட்டை, வெல்க்ரோ ஒட்டு, இரும்புக் கொக்கி.

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பெண் என்ன உடுத்துகிறார்? பருத்தி. நைலான், பாலியஸ்டர் கூடாது. துணியோடு துணி உரசினால் மின்சாரம் சேரும். அந்தச் சின்னப் பொறி நமக்குச் சுருக்கென்று ஒரு கடி, மருந்துக்கு அதுவே போதும். அதனால்தான் அறைக்குள் நுழையும் முன் பூமியோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். 2008-ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகள் பை வைக்காத வேலை உடுப்பு, தகுந்த செருப்பு என்கின்றன. இரும்பு, எஃகு, மணல் துகள்கூட உள்ளே வரக்கூடாது என்கின்றன. செல்போன் வாசலோடு சரி. மழை குறைந்த, காய்ந்த பூமி என்பது பட்டாசு காயப்போட எவ்வளவு தோதோ, இந்த உரசல் மின்சாரம் சேரவும் அவ்வளவு தோது.

இத்தனையும் ஒரு தொழிலாளிக்கு. அவரைப் படம் எடுக்க வருகிறவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாதா?

ஒரு ஆலை வாசலில் போர்மேன் அண்ணாச்சி ஒருவர் வெளியூர் போட்டோகிராபரிடம் கேட்டதைக் காதால் கேட்டேன்.

"தம்பி, கேமரா இருக்கட்டும். தோள்ல கெடக்கே, அது என்ன வாரு?"

"நைலான், அண்ணாச்சி. இம்போர்ட்டட்."

"அப்ப அதக் கழட்டி வண்டியில வச்சிட்டு வாங்க. கேமராவும் காகிதக் குழா சுத்துற ஷெட்டு வரைக்கும்தான். மருந்து ரூமுக்கு அதுவும் கெடையாது."

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. 'மறைக்கப் பார்க்கிறார்கள்' என்று என்னிடம் முணுமுணுத்தார். மறைக்கிற ஆலைகள் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். பாட்டரியும் பிளாஷுமாக இருக்கிற கேமரா மருந்து அறைக்குள் போகவே கூடாது. எந்த வாரைப் போட்டாலும் அது மாறாது. சட்டை பருத்தியா என்று தொழிலாளியைச் சோதிக்கிற வாசலில், பத்திரிகை அட்டையைக் காட்டியதற்காக நைலானை உள்ளே விடச் சொல்வது என்ன பத்திரிகை தர்மம்? வாரைப் பற்றி அளந்து எழுதும் விமர்சனங்களில் தோள் வலி இருக்கும், தையல் இருக்கும், விலை இருக்கும். பக்கத்தில் நிற்கிறவரின் உயிர் இருந்து நான் பார்த்ததில்லை.

அச்சாபீஸில் வேறு மாதிரி ஆபத்து. ஓடுகிற ஆப்செட் மெஷின் மேல் குனிந்து படம் எடுக்கும்போது கழுத்து வார் நேராக உருளைப் பக்கம் தொங்கும். உருளை இழுத்தால் பட்டை அறாது. ஆளைத்தான் இழுக்கும். அந்த இடத்தில் வாரையே கழற்றிவிட்டு, மணிக்கட்டில் ஒரு சின்ன வளையத்தோடு எடுப்பது உத்தமம். ஒரே அமுக்கில் விடுபடும் கிளிப் உள்ள வாரை நான் சிபாரிசு செய்வது இதற்காகத்தான். பைக்கில் போகும்போது ஸ்லிங்கை முதுகுப் பக்கம் விடாதீர்கள். வழுக்குகிற கொக்கியைப் பூட்டி, கேமராவை முன்னால் கொண்டுவந்து முழங்கைக்கு அடியில் வையுங்கள்.

விபத்து நடந்த இடத்துக்குப் போகிற செய்திப் போட்டோகிராபருக்கு இது இன்னும் முக்கியம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலைத் தொழிலாளிகளே இல்லை. முதல் சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்து ஜனங்கள். அப்படியொரு இடத்தில் தூர நின்று எடுக்கப் பெரிய லென்ஸ் வேணும். போலீஸ் கிட்டே விட்ட பிறகு ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும். கேமரா குறுக்கே இறுக்கமாகக் கிடந்தால் பிடிக்கலாம். கழுத்தில் தொங்கினால், குனியும்போது அடிபட்டுக் கிடப்பவர் மேல்தான் போய் இடிக்கும்.

சரி, எதை வாங்குவது? வெளிநாட்டு ஸ்லிங் ஆயிரக்கணக்கில். அதன் நகல் சில நூறு ரூபாய்க்கு. நகலில் பட்டை நன்றாகவே இருக்கும், கொக்கிதான் விட்டுவிடும். என் கட்சி, உள்ளூரில் தைத்துக்கொள்வது. பள்ளிக்கூடப் பை தைக்கிறவரிடம் ஒன்றரை அங்குலப் பருத்தி நாடாவைக் கொடுங்கள், முன்பு நாடாக் கட்டிலுக்குப் போடுவார்களே, அந்த ரகம். பருத்திதானா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் கருகுகிற வாசனையோடு சாம்பலாகும். நைலான் உருகி உருண்டையாகும். (இந்தப் பரிசோதனையைப் பட்டாசு ஆலை வாசலில் செய்ய வேண்டாம்.) தோளுக்கு வரும் இடத்தில் பழைய வேட்டித் துணியை நாலு மடிப்பாக வைத்து மூடித் தைத்தால் மெத்தை ரெடி. வியர்வையில் நாற்றம் எடுத்தால் துவைத்துக் காயப்போடலாம். துவைக்கத் தவறினால் உப்பேறி இற்றுப்போகும் என்பது பருத்தியின் குறை. வளையங்கள் பித்தளையில் கேளுங்கள்.

தையல் ஒற்றை வரி ஓடினால் போதாது. சதுரமாகப் போட்டு, உள்ளே குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ரெண்டு ஓட்டம் விடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே கேமராவை மாட்டிவிடாதீர்கள். அஞ்சு கிலோ அரிசிப் பையை அதில் கட்டி, ஒரு ராத்திரி உத்திரத்திலோ ஜன்னல் கம்பியிலோ தொங்க விடுங்கள். காலையில் தையல் இளகியிருந்தால் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்து இன்னொரு ஓட்டம் போடச் சொல்லுங்கள்.