துப்பாக்கிச் சாவுகளும் தொகைக் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2021ஆம் ஆண்டில் துப்பாக்கியினால் இறந்தோர் 48,830 பேர். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் மரணப் பத்திரங்களிலிருந்து திரட்டிய கணக்கு இது. இத்தொகையைக் கேட்டமாத்திரத்தே நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? பாடசாலைக்குள் புகுந்து சிறுவரைச் சுட்டு வீழ்த்தும் வெறியன். அல்லது தெருமுனையில் நின்று வழிமறித்துச் சுடும் கள்வன். பத்திரிகைகளும் திரைப்படங்களும் நம்மை அவ்வாறே பழக்கிவிட்டன. ஆனால் அத்தொகையைப் பிரித்து நோக்கின் வேறொரு காட்சி புலனாகும். 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டு மாண்டவர்கள். பிறரால் கொலையுண்டோர் 20,958 பேர். எஞ்சிய ஆயிரத்தைந்நூறு பேரளவினரே விபத்தாலும், பொலிசாரின் சூட்டாலும், காரணம் துணியப்படாத முறையிலும் இறந்தவர்கள்.

துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய விவாதத்தில் இத்தொகை படும் பாடு விசித்திரமானது. கட்டுப்பாட்டை வேண்டி நிற்போர் மேடைதோறும் முழுத்தொகையையும் முழங்குவர். அதிற் பாதிக்கு மேற்பட்டது தற்கொலை என்பதைச் சொல்லாது விடுவர். கட்டுப்பாட்டை எதிர்ப்போரோ தற்கொலைகளை முதலிற் கழித்துவிட்டு, மிஞ்சியதே மெய்யான தொகை என்பர். ஒரு சாராருக்கு அம்மனிதர் கூட்டலுக்கு வேண்டியவர். மறு சாராருக்குக் கழித்தலுக்கு வேண்டியவர். அவர் ஏன் இறந்தார், இறவாதிருந்திருக்க முடியுமா என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. இக்குறைபாடே இவ்விவாதத்தின் அடிப்படைக் குறைபாடு என்பது நமது கருத்து.

இத்துறையிற் பெரும் புகழும் பெரும் வசையும் ஒருங்கே பெற்ற எண் ஒன்றுண்டு. ஆர்தர் கெல்லர்மன், டொனால்ட் றே என்னும் மருத்துவர் இருவர் 1986இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாஷிங்டன் மாநிலத்தில் சியாற்றில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டத்தில், 1978 முதல் 1983 வரை, துப்பாக்கி வைத்திருந்த வீட்டினுள்ளேயே நிகழ்ந்த 398 துப்பாக்கி மரணங்களை அவர்கள் ஆராய்ந்தனர். தற்காப்பின்பொருட்டு நிகழ்ந்த கொலை ஒவ்வொன்றுக்கும் வேறு வகையான மரணங்கள் 43 நிகழ்ந்தன என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு விரைவிலேயே ஆய்வேட்டை விட்டு வெளியேறிக் கோஷமாயிற்று. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவன் கள்வனைக் கொல்வதிலும் தன் குடும்பத்தவரைக் கொல்லவே 43 மடங்கு வாய்ப்புண்டு என்று பலரும் அதைத் திரித்துக் கூறினர்.

மூல ஆய்வு கூறுவது அதுவன்று. அந்த 43இல் ஏறத்தாழ 37 தற்கொலைகள்; குற்றக் கொலைகள் ஐந்துக்குங் குறைவு; விபத்துகள் ஒன்றுக்குச் சற்று மேல். வெறும் எண்ணிக்கையாகச் சொன்னால், தற்காப்புக் கொலை 9, தற்கொலை 333. கோஷமிட்டோர் இந்த 333 பேரையும் கொலையாளியின் குண்டுக்கு இரையானவர்போலக் காட்டிவிட்டனர். இன்னுமொன்று. தற்காப்பின் பயனைப் பிணங்களை எண்ணி அளவிடல் இயலாது. துப்பாக்கியைக் காட்டியதும் ஓடிவிட்ட கள்வன் எந்த மரணப் பதிவிலும் இடம்பெறான். இதனை ஆய்வாளரே தம் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருந்தனர். கோஷத்துக்கு அந்த ஒப்புதல் தேவைப்படவில்லை.

ஓடிவிட்ட கள்வனை எண்ணப் புறப்பட்டவர்கள் கரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் ஆகிய இருவர். ஏறக்குறைய ஐயாயிரம் பேரைத் தொலைபேசியில் வினவி, அமெரிக்கர் ஆண்டுதோறும் 25 இலட்சம் தடவை தற்காப்புக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்துகின்றனர் என 1995இல் எழுதினர். ஆம் என்று விடையளித்தோரோ நூற்றுக்கு ஒருவர் அளவினரே. அச்சிறு விகிதத்தை நாட்டின் வளர்ந்தோர் தொகையாற் பெருக்கியே 25 இலட்சம் பெறப்பட்டது. ஹாவாட் பல்கலைக்கழகத்து டேவிட் ஹெமன்வே 1997இல் இதன் பலவீனத்தைத் தெளிவுறக் காட்டினார். அரிதான நிகழ்ச்சியொன்றைப் பற்றி வினவும்போது, நூற்றுக்கு ஒருவர் நினைவு பிசகியோ வீரம் பேசியோ ஆம் என்றாலும், பெருக்கலின் பின் அத்தவறு இலட்சக்கணக்கில் வீங்கிவிடும். அரசாங்கத்தின் குற்றப் பாதிப்பு அளவீடு காட்டும் தொகை இதன் ஒரு சிறு பங்கேயாகும். இருந்தும் கட்டுப்பாட்டை எதிர்ப்போர் நாவில் 25 இலட்சம் நிலைத்துவிட்டது. துப்பாக்கி பெருகக் குற்றம் குறையும் என 1998இல் நூலெழுதிய ஜோன் லொட்டின் கணிப்புகளைப் பற்றி இங்கு விரித்தெழுத வேண்டுவதில்லை. 2004இல் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு அவற்றைப் பரிசீலித்து, கிடைத்த சான்றுகளைக்கொண்டு எப்பக்கமும் முடிவுகட்ட இயலாது எனக் கூறிற்று. ஓர் உறுப்பினர் மட்டும் உடன்படவில்லை.

இனி, கழித்தற்காரரின் வாதத்துக்கு வருவோம். சாகத் துணிந்தவன் துப்பாக்கி இல்லாவிடினும் வேறு வழி தேடிக்கொள்வான்; ஆதலின் அவனைத் துப்பாக்கிக் கணக்கில் எழுதுவது முறையன்று என்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் தர்க்கத்தால் மட்டும் தீர்வதன்று. அனுபவத்தில் இது சோதிக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1963இல் தற்கொலை செய்துகொண்டோர் 5,714 பேர். 1975இல் அத்தொகை 3,693 ஆகக் குறைந்தது. அவ்வாண்டுகளில் வேலையில்லாதோர் தொகை குறையவுமில்லை. அண்டை நாடுகள் பலவற்றில் தற்கொலை கூடிக்கொண்டேயிருந்தது. மாறியது ஒன்றே: வீடுகளுக்கு வந்த சமையல் வாயுவில் இருந்த நச்சுத்தன்மை படிப்படியாக நீங்கிற்று. வழி அடைபட்டவர்களிற் பெரும்பாலோர் மற்றொரு வழியை நாடிச் செல்லவில்லை, உயிர் வாழ்ந்தனர்.

இலங்கை வாசகர்க்கு இதனை உணர்த்த அவ்வளவு தூரம் செல்லவும் வேண்டியதில்லை. 1995இல் நம் நாட்டில் இலட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிகக் கூடிய விகிதங்களுள் அது ஒன்று. வயலுக்கு வாங்கிவைத்த கிருமிநாசினிப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத கமக்காரர் வீடு அக்காலத்தில் அரிது. அவ்வாண்டளவில் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த கிருமிநாசினிகளின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1998இல் மற்றொன்றும் தடைசெய்யப்பட்டது. 2005 அளவில் தற்கொலை விகிதம் பாதியாயிற்று. இதிற் கவனிக்கவேண்டியது யாதெனில், நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தோர் தொகை அவ்வாறு குறையவில்லை. துயரம் இருந்த இடத்திலேயே இருந்தது. கடனும் குடும்பச் சச்சரவும் மறையவில்லை. ஆயினும் வந்தவர்கள் பிழைத்து வீடு திரும்பினர். இத்தகைய முயற்சியொன்றிற் பிழைத்தவரிற் பத்துக்கு ஒன்பது பேர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல நாட்டு ஆய்வுகளும் கண்ட முடிபு. மனித மனத்தின் அந்த இருண்ட வேளை நிலையானதன்று, கடந்து போவது. துப்பாக்கியோ கடந்து போவதற்கு அவகாசம் அளிப்பதில்லை.

எனவே தற்கொலையைத் துப்பாக்கிக் கணக்கினின்று கழிப்பது பிழை. அதனைக் கொலையென்று தோன்றுமாறு கூட்டுவதும் பிழை. தற்கொலை என்று பெயர் சொல்லியே கூட்டல் வேண்டும். அவ்வாறு சொல்லத் தொடங்கின் விவாதத்தின் முகமே மாறிவிடும். நீள்துப்பாக்கிகளைத் தடைசெய்வதா என்பதிலேயே ஆண்டுக்கணக்காகச் சண்டை நடைபெறுகிறது. 2020இல் பொலிசார் தெரிவித்த துப்பாக்கிக் கொலைகளில் நீள்துப்பாக்கியாற் செய்யப்பட்டவை நூற்றுக்கு 3; கைத்துப்பாக்கியாற் செய்யப்பட்டவை நூற்றுக்கு 59. எஞ்சியவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு எவ்வகைத் துப்பாக்கி என்பதே குறிக்கப்படவில்லை. மேற்கு மாநிலக் கிராமத்தில் தனித்து வாழும் முதிய வெள்ளையனுக்கு வேண்டியது, துப்பாக்கி அவன் கையில் உடனே அகப்படாதிருக்கப் பூட்டும் தவணையும். நகரத்துக் கறுப்பு இளைஞனின் நிலை வேறு. மக்கட்டொகையில் ஏழிலொரு பங்கினரான கறுப்பு மக்கள், 2021இல் துப்பாக்கியாற் கொலையுண்டோரிற் பாதிக்கு மேற்பட்டவர்கள். பல தலைமுறைக் குடியிருப்புப் பாகுபாடும் வேலையின்மையும் அவனைச் சூழ்ந்துள்ளன. இவ்விருவரையும் 48,830 என்ற ஒரே சாக்கில் இட்டுக் கட்டினால் இருவரும் கண்ணுக்குப் புலப்படார்.

அத்தொகையை வரலாறு காணாதது என்று கூறுவோரும் ஒன்றை எண்ணிப்பார்த்தல் நன்று. எண்ணிக்கை அளவில் அது அன்றுவரை உச்சமே. ஆனால் இலட்சம் பேருக்கு 14.6 என்ற விகிதம் 1974இன் 16.3க்குக் குறைந்ததே.

கணக்கைப் பிழையாக வாசிப்பது ஒருபுறமிருக்க, கணக்கெடுப்பையே தடுத்த வரலாறும் உண்டு. வீட்டில் துப்பாக்கி இருப்பின் அங்கு கொலை நிகழும் அபாயம் 2.7 மடங்காகிறது எனக் கெல்லர்மனும் பிறரும் 1993இல் எழுதினர். நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் பணத்தில் நடந்த ஆய்வு அது. தேசிய ரைபிள் சங்கம் கொதித்தெழுந்தது. 1996இல் ஆர்க்கன்சோ உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரால் வழங்கும் திருத்தம் நிறைவேறிற்று. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க நிலையத்தின் பணத்தைச் செலவிடலாகாது என்றது அது. கூடவே, முன்னைய ஆண்டில் இவ்வாய்வுக்குச் செலவான 26 இலட்சம் டொலர் வேறு பணிக்குத் திருப்பப்பட்டது. ஆராய்ச்சி தடைசெய்யப்படவில்லை என்று சட்டப்படி வாதிடலாம். ஆனால் உத்தியோகத்தர் குறிப்பறிந்து நடந்தனர். டிக்கியே 2012இல், தாம் அன்று எதிர்த்த நிலைய அதிகாரி மார்க் றோசன்பேர்க்குடன் சேர்ந்து, ஆராய்ச்சி வேண்டுமென்று பத்திரிகையில் எழுதினார். காங்கிரஸ் 2019இன் இறுதியிற்றான் இவ்வாய்வுக்கென மீண்டும் 250 இலட்சம் டொலரை ஒதுக்கி, இரு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்தது. 1996இன் வாசகம் அப்பொழுதும் நீக்கப்படவில்லை.