அறத்தொடு நிற்கும் மகள்

செகந்திராபாத்திலும் ஹைதராபாத்திலும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பேசும் தமிழைப் பற்றி இம்மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் தக்கனி, மனசில் இருப்பதைச் சொல்ல மட்டும் இங்கிலீஷ். அப்படியானால், தான் விரும்புவது ஒரு பெண்ணை என்று அம்மாவிடம் சொல்ல நினைக்கும் மகள் எந்த மொழியில் வாய் திறப்பாள்? இந்தக் கேள்வியோடு இரண்டு படங்களைப் பார்த்தேன்.

முதலாவது தீபா மேத்தாவின் 'ஃபயர்' (1996). மூத்த மருமகளாக நடித்த ஷபானா ஆஸ்மி நம் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1998 டிசம்பரில் இப்படம் ஓடிய தியேட்டர்கள் மும்பையிலும் டெல்லியிலும் தாக்கப்பட்டன. அதை எதிர்த்து டெல்லி ரீகல் தியேட்டர் முன் கூடிய பெண்களில் சிலர், தாங்கள் யார் என்பதை அட்டையில் எழுதிப் பிடித்து நின்றார்கள். படத்தின் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் இரு மருமகள்களுக்கும் வாய்த்த புருஷன்கள் சரியில்லை என்பதால்தான் அவர்கள் ஒருவரையொருவர் நாடினார்கள் என்று எண்ண இடம் வைத்துவிட்டது கதை. நல்ல கணவன் கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று ஒரு மாமி சொன்னால் படத்திடம் பதில் கிடையாது. தங்கள் உறவைக் குறிக்க நம் மொழியில் சொல்லே இல்லை என்று இளையவள் வருந்துவதும் ஆங்கிலத்தில்தான்!

ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடைமை' 2023இல் கோவா திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2025 பிப்ரவரி 14 அன்று தியேட்டருக்கு வந்தது. இதில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. சாமுக்கு (லிஜோமோள் ஜோஸ்) எந்த ஆணாலும் கேடு நேரவில்லை. காதலிக்கிறேன் என்கிறாள், முற்போக்கான அம்மா (ரோகிணி) வீட்டுக்குக் கூட்டி வா என்கிறார். கூட வந்த பையனைத்தான் அம்மா மாப்பிள்ளையாக எண்ணுகிறார். காதலி நந்தினி என்று தெரிந்ததும் அவரது முற்போக்கு ஆட்டங்காண்கிறது. அதுவரை கற்ற கொள்கையெல்லாம் ஊரார் வீட்டுப் பிள்ளைக்குத்தான் போலிருக்கிறது! அப்பா வந்தபின் படம் பட்டிமன்றமாகி விடுகிறது, வசனம் ஏராளம். ரோகிணி பேசாமல் இருக்கும் இடங்களே படத்தின் உயிர்.

இதைப் பார்க்கையில் எனக்கு நினைவு வந்தது நம் அகப்பொருள் மரபு. களவுக் காதலைப் பெற்றோர் அறியச் செய்வதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் என்று அது படிப்படியாகப் போகும். அதற்கு ஏழு வகை சொல்கிறது தொல்காப்பியம். கடைசி வகை, உண்மையை உள்ளபடி சொல்லிவிடுவது. மகள் மனம் திறப்பதை வெட்கக்கேடாக எண்ணாமல் 'அறம்' என்று பெயரிட்ட மொழி இது. சங்க இலக்கியத்தில் பெண்ணைக் காதலிக்கும் பெண் இருந்தாள் என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் வழி இருக்கிறது. சாமுக்குச் சிக்கல் என்னவென்றால், அவளுக்குத் தோழியே காதலி. இடையில் நின்று பேச ஆளில்லை. ஏழாவது வகைதான் மிச்சம்.

சொற்களும் மாறிவிட்டன. 'ஓரினச்சேர்க்கை' என்ற பழைய சொல் கட்டிலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இப்போது வழங்கும் 'தன்பாலீர்ப்பு' மனசைப் பார்க்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், தாமே உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டு 2021இல் உத்தரவிட்டார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே தமிழக அரசு 2022இல் கலைச்சொற்களை அரசிதழில் வெளியிட்டது. 'பால்புதுமையர்' என்பதில் எனக்குச் சின்ன மனத்தாங்கல்: இதில் புதுமை என்ன இருக்கிறது?

நம் ஊரும் இதற்கு அந்நியமல்ல. 2013இல் ஹைதராபாத்தில் முதல் சுயமரியாதைப் பேரணி நடந்தது. 2021 டிசம்பரில் இங்கே உற்றார் சூழ மோதிரம் மாற்றிக்கொண்ட சுப்ரியோ, அபய் என்ற ஆண் இணையரின் பெயரில்தான் திருமண உரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் அவ்வுரிமை கிடைக்கவில்லை.

ஆனால் சட்டத்துக்கு முன்னால் வீடு இருக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஆட்கொணர்வு வழக்கில், 25 வயதுப் பெண்ணைப் பெற்றவர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். மகளை மற்றவள் கெடுத்துவிட்டாள் என்றார் தாய். தன் மகன் விக்ரம் சேத்துக்குத் துணை நின்ற நீதிபதி லீலா சேத்தைப் போல் எல்லாப் பெற்றோரும் இருப்பதில்லை என்று குறிப்பிட்ட நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று எழுதினார்கள். அந்தப் பெண்ணிடமே கேட்டார்கள். தோழியோடு போகிறேன் என்றாள், போக விட்டார்கள்.