உராய்வைப் புறக்கணிக்கலாமா?

"உராய்வைப் புறக்கணிக்கவும்", "காற்றுத் தடை இல்லை எனக் கொள்க", "கயிறு நிறையற்றது எனக் கொள்க". விசையும் இயக்கமும் பற்றிய பாடத்தின் கணக்குகளில் இவற்றில் ஒன்று கட்டாயம் வந்துவிடும். மாணவர்கள் இதைப் படித்த கையோடு தாண்டிப்போய்ச் சூத்திரத்தைத் தேடுகிறார்கள். அந்தக் கணக்கில் இருக்கும் இயற்பியல் பெரும்பாலும் தாண்டிப்போன அந்த வரியில்தான் இருக்கிறது என்பேன்.

இந்த வழக்கம் சாதித்தது பெரிது. தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்று அரிஸ்டாட்டில் வழிவந்தவர்கள் சொன்னதற்குத் தெருவில் ஓடிய ஒவ்வொரு வண்டியும் சாட்சி. கண்ணால் கண்டதை மீறிச் சிந்திக்க, உராய்வை மனத்துக்குள் கழித்துப் பார்க்கும் துணிச்சல் வேண்டும். கலிலியோவுக்கு அது இருந்தது. 1638-இல் வெளிவந்த 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் தம் சாய்தளத்தை அவர் விவரிக்கும் இடம் படிக்கப் படிக்க வியப்புத் தரும். பன்னிரண்டு முழ நீளத்தில் ஒரு மரச்சட்டம், அதில் நேராக வெட்டிய பள்ளம், பள்ளத்தில் வழவழப்பான தோல்தாள் ஒட்டு, உருட்டுவதற்கு நல்ல உருண்டையான வெண்கலக் குண்டு. நேரத்தை அறிய, மெல்லிய குழாய் வழியே வடிந்த நீரைப் பிடித்துத் தராசில் நிறுத்தார். உராய்வைக் கையால் முடிந்தவரை குறைத்தார். மிச்சத்தை அறிவால் கழித்தார். சமதளத்தில் உருளும் குண்டுக்குத் தடை ஏதும் இல்லையென்றால் அது நிற்கக் காரணமில்லை என்ற எண்ணம் இந்த உழைப்போடு சேர்ந்தது. டெகார்த் அதை நேர்கோட்டு இயக்கமாக வரையறுத்தார். 1687-இல் நியூட்டன் முதல் விதியாக நிறுத்தினார். உராய்வைக் கழிக்காமல் இந்த விதி கிடைத்திருக்காது.

கலிலியோ உழைத்துச் சேர்ந்த இடம் நம் பிள்ளைகளுக்குக் கணக்கின் முதல் வரியாகக் கிடைக்கிறது. குறை இங்கேதான் தொடங்குகிறது. 5 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லைப் போட்டால் ஏறத்தாழ ஒரு விநாடியில், விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். காற்றைச் சேர்த்துக்கொண்டாலும் விடை அவ்வளவாக மாறாது. அதே சூத்திரத்தை 1 கிலோமீட்டர் மேலிருந்து விழும் மழைத்துளிக்குப் போட்டால் விநாடிக்கு 140 மீட்டர் வரும்; அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மழை பெய்தால் வெளியில் தலைகாட்ட முடியுமா? பெரிய துளிகளே விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில்தான் விழுகின்றன. காற்றின் தடை எடைக்குச் சமமானதும் முடுக்கம் சுழியாகி, துளி முற்றுத் திசைவேகத்தில் இறங்குகிறது. கல்லுக்குக் காற்றை விடலாம், துளிக்கு விடக் கூடாது. இதைத் தீர்மானிப்பதுதான் இயற்பியலாளரின் வேலை. பாடநூல் அந்த வேலையைத் தானே செய்துவிட்டுப் பெருக்கலையும் வகுத்தலையும் மாணவரிடம் தள்ளிவிடுகிறது.

இன்னொரு கேடும் உண்டு. எப்போதும் கழித்தே பழகியதால் உராய்வு வெறும் தொல்லையாகப் படுகிறது. நடக்கையில் பாதம் தரையைப் பின்னால் தள்ளுகிறது. நம்மை முன்னால் தள்ளுவது தரையின் உராய்வு. பேருந்துச் சக்கரத்துக்கும் அதே கதைதான். 'உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்' என்று மனப்பாடம் செய்தவருக்கு இது விளங்கவே விளங்காது. அது எதிர்ப்பது பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதை.

இப்படி மனப்பாடம் செய்தது மனத்தில் ஒட்டுவதில்லை என்பதற்குச் சான்றும் உண்டு. ஹெஸ்டினஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் மூவரும் 1992-இல் அமெரிக்காவில் வெளியிட்ட விசை பற்றிய வினாத்தொகுப்பில் ஒரு கேள்வி: மாறாத வேகத்தில் மேலே போகும் லிஃப்டில் கம்பிவடத்தின் இழுவிசை பெரிதா, எடை பெரிதா? இரண்டும் சமம். மேலே போகிறதே, இழுவிசைதானே பெரிது என்று எழுதுபவர்கள் ஏராளம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் இத்தகைய வினாத்தொகுப்பு ஒன்றைக் கொடுத்தபோது ஒரு மாணவர், நீங்கள் கற்பித்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். இதைவிடக் கடுமையான தீர்ப்பை நான் படித்ததில்லை. தேர்வுக்கு ஓர் இயற்பியல், தெருவுக்கு இன்னொன்று என்று அந்த மாணவரின் மனத்தில் இரண்டு இருந்தன. 1998-இல் ரிச்சர்ட் ஹேக், இத்தகைய தொகுப்புகளில் 6,542 மாணவர்கள் பெற்ற மதிப்பெண்களை ஒப்பிட்டார். விரிவுரையையே பெரிதும் நம்பிய வகுப்புகள், முன்பு தெரியாமலிருந்ததில் சராசரியாக 23 விழுக்காட்டையே எட்டின. மாணவர்கள் பேசி விவாதித்த வகுப்புகள் 48 விழுக்காட்டை எட்டின. இந்த ஆய்வு கற்பிக்கும் முறையைப் பற்றியது, உராய்வை விடுவதைப் பற்றியது அல்ல. ஆனாலும் எதை விடலாம் என்று வாதிட வாய்ப்பில்லாத வகுப்பில் கருத்து வேரூன்றாது என்பதற்கு இது போதும்.

அதற்காக ஒன்பதாம் வகுப்பில் காற்றுத் தடைக்கும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்ல முடியாது, தேவையும் இல்லை. மாணவர்கள் ஒரு நோட்டையும் தனித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் போடட்டும். தாள் தங்கி வரும். தாளை நோட்டின் மேல் வைத்துப் போட்டால் இரண்டும் ஒன்றாக விழும். கசக்கிப் போட்டால் அதே தாள் விரைந்து விழும், எடை மாறவில்லையே! 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒருசேரப் போட்டுக் காட்டிய படத்தை அதன் பிறகு காட்டலாம். அப்புறம் ஒரு கேள்வி போதும்: இந்தக் கணக்கில் காற்றை விட்டது சரியா, ஏன்? விடைக்குறிப்பில் இந்தப் பதிலுக்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்கினால், அடுத்த ஆண்டே எல்லா வகுப்புகளிலும் இந்தக் கேள்வி எழும்.